இருபது இஞ்ச் வீல்

சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். குவாரிக்குப் போற ரோடு. அன்னைக்குக் குவாரி லீவு, அதனால லாரி ஒண்ணும் கிடையாது. ரெண்டு பக்கமும் வெட்டிப் போட்ட பாறை... நடுவுல ரோடு மட்டும் நூல் பிடிச்ச மாதிரி நேரா. கம்பம் இருக்கு. கம்பத்துல விளக்கு இல்ல.

அந்த ரோட்டுல ஒரே ஒரு கார். ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு. ஓட்டிட்டுப் போறவரு அதுக்குச் சொந்தக்காரர் இல்ல.

இருங்க, எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. கரண்ட் எப்ப வருதோ வரட்டும். அந்தக் கதவைச் சாத்திட்டீங்களா... சரி.

இது எனக்கு நடந்ததில்ல. எங்க ஆபீஸ் லிஃப்டை ரிப்பேர் பாக்க ஒருத்தர் வருவாரு, ஒல்லியா. அவரோட பெரியப்பா பையனுக்கு நடந்தது. லிஃப்ட்காரர் பொய் சொல்ற ஆளில்ல. பொய் சொல்ற அளவுக்கு அவரு பேசவே மாட்டாரு.

அந்தப் பெரியப்பா பையனுக்கு பைபாஸ் ஓரமா ஒரு கடை. டயர் மாத்தறது, அலாய் வீல் விக்கறது, நாலு வீலும் நேரா ஓடுதான்னு அலைன்மென்ட் பாக்கறது. கீழ கடை, மேல வீடு. வீல்காரர்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க, நானும் அப்படியே சொல்றேன். அவரு சம்சாரம் மாடியில கார் சீட்டுக்குக் கவர் தைக்கறாங்க. புருஷன் பொஞ்சாதிக்குள்ள பெரிய சண்டை கிடையாது. பெரிய பேச்சும் கிடையாது. மேல தையல் மெஷினும் கீழ காத்தடிக்கற கம்ப்ரஸரும்தான் பேசிக்கும்.

சம்சாரத்துக்கு ஒரு தங்கச்சி. தங்கச்சி வீட்டுக்காரர் இவருக்குச் சகலை. அந்த மனுஷனுக்கு வீட்டுக்குள்ள வச்ச பேரு பாலிஷ். ஷூ, தலைமுடி, பேச்சு... எல்லாம் அப்படிப் பளபளன்னு இருக்கும். டைல்ஸ் ஷோரூம்ல மேனேஜர். நல்ல மனுஷன். அதுதான் பிரச்சினையே. கெட்டவனா இருந்தா வெறுத்துட்டு நிம்மதியா இருக்கலாம்ல.

பாலிஷ் ஒரு நாள் கார் வாங்கிட்டு வந்தாரு. பழசுதான், ஆனா கண்ணை எடுக்க முடியாது. கருநீலம். தரையோட தரையா படுத்த மாதிரி, மூக்கு நீளமா. ஸ்டார்ட் பண்ணினா சத்தம் காதுல கேக்காது, நெஞ்சுல கேக்கும்.

நம்ம வீல்காரர் மீசை முளைக்கற வயசுலயே பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கார் படம் ஒட்டினவரு. கல்யாணம் ஆச்சு, வீடு மாறினாரு, பீரோவும் மாறிச்சு... படத்தை மட்டும் பிச்சு எடுத்து மறுபடி ஒட்டிக்கிட்டே வந்தாரு. வாழ்க்கை பூரா அடுத்தவன் காருக்கு அடியில படுத்துட்டு, என்னைக்காவது அந்தப் படத்துக் காரை வாங்கணும்னு இருந்தாரு.

அதே கார். அதே கலர். சகலை வீட்டு வாசல்ல.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் மாமனார் வீட்ல சாப்பிடறது வழக்கம். முன்னெல்லாம் இவரு வேன் சத்தம் கேட்டா மாமனார் எழுந்து வந்து கேட்டைத் திறப்பாரு. கார் வந்ததுக்கப்புறம், கேட்டை அதுக்காகத் திறந்தே வச்சிருக்காரு. இவரு வேனை வெளியில, குப்பைத்தொட்டி பக்கத்துல நிறுத்தச் சொல்றாரு. "மாப்பிள்ளை தப்பா நினைக்காதீங்க, உள்ள இடம் பத்தாது"ங்கறாரு. இவரு சிரிச்சுக்கிட்டே போய் நிறுத்தறாரு... அப்படியே சிரிச்சுக்கிட்டே சாப்பிடறாரு.

அதோட விடல. பாலிஷ் சீட் கவர் தைக்கக் குடுத்தாரு. இவரு சம்சாரம் சிகப்பு நூல்ல ரெட்டைத் தையல் போட்டு, ஓரத்துல சின்னதா ஒரு கொடி போட்டு, ஒரு வாரம் உக்காந்து தைச்சாங்க. தைக்கும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாங்க. இவரு மாடிப்படியில நின்னு அதைக் கேட்டாரு. வேன் சீட்டு கிழிஞ்சு பஞ்சு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கு ஒரு ஒட்டுப் போட நேரம் வந்ததில்ல.

இப்படி இருக்கும்போதுதான் பாலிஷ் கடைக்கு வந்தாரு.

"சகலை, எல்லாம் சரி, வீல்தான் கொஞ்சம் சின்னதா தெரியுது. பெரிசு போட்டா எடுப்பா இருக்கும்ல?"

காருக்கு இருந்தது பதினேழு இஞ்ச். அதைப் பண்ணினவங்க கணக்குப் போட்டுத்தான் அந்த அளவு வச்சிருப்பாங்க. வேணும்னா பதினெட்டு போடலாம். அதுக்கு மேல போனா என்ன ஆகும்னு இவருக்குத் தெரியும். வீல் கனம் கூடும், பிக்கப் செத்துடும். பிரேக் பிடிச்சா நிக்க இன்னும் கொஞ்ச தூரம் வேணும். டயர் ரப்பர் பேண்டு மாதிரி மெலிசாகி, ரோட்டுல ஒரு சின்னக் குழின்னாலும் நேரா முதுகெலும்புக்கு வரும். முழுசா ஸ்டீயரிங் ஒடிச்சா மட்கார்டுல உரசும். மீட்டர் கூடப் பொய் சொல்லும், எண்பதுன்னு காட்டும், வண்டி தொண்ணூறுல போகும். ஆனா நிறுத்தி வச்சுப் பாத்தா... ராஜா மாதிரி இருக்கும். வேற யாராவது கேட்டிருந்தா உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, வேணாம்னு சொல்லி அனுப்பியிருப்பாரு.

"இருபது போடுங்க சகலை"ன்னு வீல்காரரே சொன்னாரு. "வண்டியே வேற மாதிரி ஆயிடும்."

ஆளு சாகணும்னு இல்ல. அப்படி நினைக்கற மனுஷன் இல்ல அவரு. கார் கெடணும். அவ்வளவுதான். சத்தம் போட்டு, உரசி, இழுக்காம, நாலு பேர் முன்னாடி திணறணும்.

கடைக்குப் பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடின ஒரு செட் இருபது இஞ்ச் இருந்திச்சு. கறுப்பு. நடுவுல இருந்து விரியற பத்துக் கம்பி. பழைய சாமான் வாங்கி விக்கற ஒருத்தர் கொண்டாந்து போட்டது. போடும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "ஆளு போயிட்டான்ணே. ஆனா வீல்ல ஒரு கீறல் இல்ல, பாருங்க." விபத்து வண்டியில இருந்து கழட்டினதுன்னு நினைச்சு இவரும் மேற்கொண்டு கேக்கல. தொழில்ல அதெல்லாம் சகஜம். நடுவுல ஒருத்தர் அதை வாங்கிட்டுப் போனாரு. மறுநாள் கடை திறக்கப் போனா, நாலும் வாசல்ல அடுக்கி இருக்கு. ஏன்னு கேக்க போன் போட்டா, எடுக்கவே இல்ல.

அந்தச் செட்டைத்தான் எடுத்தாரு.

முதல்ல டயரை ஏத்தி, பேலன்சிங் மெஷின்ல மாட்டிச் சுத்த விட்டாரு. எந்த வீலா இருந்தாலும் எங்கயாவது கொஞ்சம் கனம் தவறும்... ஓரத்துல சின்ன ஈயத் துண்டு ஒட்டித்தான் சரி பண்ணணும். இது சைபர் காட்டிச்சு. அடுத்தது, சைபர். நாலும் சைபர். மெஷின் கெட்டுப்போச்சோன்னு கடையில இருந்த வேற வீலை மாட்டினாரு, அது ஒழுங்கா கணக்குக் காட்டுது.

அப்புறம் ஒரு வாசனை. ரப்பர் வாசனை இல்ல, பிரேக் வாசனை இல்ல... நகம் தீயுற வாசனை. கையை மோந்து பாத்தாரு. கையில இல்ல. வீல்ல கிட்ட மோந்தா அங்கயும் இல்ல. நிமிர்ந்தா இருக்கு.

மாட்டி அனுப்பிச்சாரு. பாலிஷ் கிளம்பி, கடை முக்குல முழு ஸ்டீயரிங் ஒடிச்சுத் திருப்பினாரு. இவரு காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறாரு. இப்ப உரசும்... இப்ப உரசும்...

ஒரு சத்தமும் வரல. வழுக்கிட்டுப் போச்சு.

அன்னைக்கு ராத்திரி போன். "சகலை, என்ன கை உங்களுக்கு. கால் வச்சா பறக்குது. குழியில விட்டேன், மெத்தையில விழுந்த மாதிரி இருக்கு." இவரு "அப்படியா, அப்படியா"ன்னாரு. போனை வச்சுட்டுத் தட்டை நகர்த்தி வச்சுட்டாரு.

ஞாயித்துக்கிழமை வந்திச்சு. வீடே காரைச் சுத்தி நிக்குது. பெரிய வீல் போட்டதும் காருக்கு ஒரு திமிர் வந்திருந்திச்சு. மாமனார் சட்டைத் துணியால கதவைத் துடைக்கறாரு. இவரு யாருக்கும் தெரியாம குனிஞ்சு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரலை விட்டுப் பாத்தாரு. விரல் நுழையல. நகம்கூட நுழையல. உரசியே ஆகணும். உரசல. இவரு கத்துக்கிட்ட தொழிலையே அந்தக் கார் கேலி பண்ற மாதிரி இருந்திச்சு.

பாலிஷ் ஒவ்வொருத்தரா உக்கார வச்சு ஒரு சுத்து கூட்டிட்டுப் போனாரு. "அண்ணி, வாங்க, உங்க தையல்ல நீங்களே உக்காந்து பாக்க வேணாமா"ன்னு இவரு சம்சாரத்தையும். அவங்க திரும்பி வந்தப்ப முடியெல்லாம் கலைஞ்சு, சிரிச்சுக்கிட்டே இறங்கினாங்க. அந்தச் சிரிப்பை இவரு பாத்து வருஷக்கணக்கு ஆச்சு. அது தன்னால வரலையேன்னு...

சரி. அதை விடுங்க. புரியுது இல்ல உங்களுக்கு.

வேன்ல வீட்டுக்குத் திரும்பும்போது சம்சாரம் சிரிக்கல. "என்னங்க, கார் வேகமா போனா டயர்ல சத்தம் வருமா?"ன்னு கேட்டாங்க.

"எந்த மாதிரி?"

"வெறுங்கால்ல ஓடற மாதிரி. தப்... தப்... தப்புன்னு. கூடவே."

"உன் பக்கமா, அவரு பக்கமா?"

"அவரு பக்கம். அவருக்குக் கேட்ட மாதிரியே இல்ல. பாட்டுப் போட்டுக்கிட்டு ஓட்டறாரு. எனக்குத்தான் கேட்டுச்சு."

இவருக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். டயர் எங்கயோ மேடு தட்டியிருக்கு, அதான் தப்புத் தப்புன்னு அடிக்குது. அப்ப கெட ஆரம்பிச்சிடுச்சு. மறுநாளே பாலிஷுக்குப் போன் போட்டு, "புது வீல் போட்டா ஒரு தடவை அலைன்மென்ட் பாக்கணும் சகலை, வண்டியை விட்டுட்டுப் போங்க"ன்னு கூசாம சொன்னாரு. அந்த நல்ல மனுஷன் சாவியைக் கையில குடுத்துட்டு ஆட்டோல போனாரு.

அலைன்மென்ட் பாத்தாரு. சுத்தமா இருந்திச்சு. டயரைத் தடவிப் பாத்தாரு. ஒரு மேடும் இல்ல. சாயங்காலம் ஆனதும் கடை ஷட்டரை இறக்கிட்டு, காரை எடுத்துக்கிட்டு யாரும் இல்லாத ரோடா பாத்துப் போனாரு.

இப்ப புரியுதா... குவாரி ரோடு. ஆறே முக்கால்.

முதல்ல சொர்க்கம். இடுப்பை அந்த சீட்டு பிடிச்ச பிடி, கையில ஸ்டீயரிங் வந்த விதம். கால் வச்சா பாறை ரெண்டு பக்கமும் கோடா ஓடுது. கனமான வீல், இழுக்கவே கூடாது... இழுக்குது, அம்பு மாதிரி. மீட்டர் எண்பது காட்டுது, அப்ப நெசமா தொண்ணூறு. கண்ணுல தண்ணி வந்திடுச்சு அவருக்கு. சீட்டோட ஓரத்துல அந்தச் சிகப்புக் கொடி கைக்குத் தட்டுப்பட்டிச்சு. சம்சாரம் தைச்சது. இன்னொருத்தனுக்குத் தைச்சது.

மனசுக்குள்ள சொன்னாரு. வாய் திறக்கல, மனசுக்குள்ள மட்டும். இது எனக்கு இருந்திருக்கணும்.

தப்.

தப்... தப்... தப்.

அவரு பக்கம். கதவுக்கு அந்தாண்ட. ஈரமான கால் தார் ரோட்டுல விழற சத்தம். வேகத்தைக் கூட்டினாரு, சத்தமும் நெருக்கிச்சு. தப்தப்தப்தப்... குறைச்சாரு, அதுவும் நிதானமாச்சு. டயர்னா அப்படித்தானே இருக்கும்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. சொல்லும்போதே, டயர் வரிசையாத்தான் அடிக்கும், இது நடுவுல ஒரு தடவை தடுக்கிச்சு. கால் தடுக்கி, சமாளிச்சு, மறுபடி ஓடற மாதிரி.

சைடு கண்ணாடியைப் பாத்தாரு. கண்ணாடி கொஞ்சம் கீழ சாஞ்சு இருந்ததால பின்வீல் தெரியுது. பத்துக் கம்பியும் தனித்தனியா, எண்ணிடலாம் போல, சுத்தாம நிக்குது. சில வேகத்துல கண்ணுக்கு அப்படித் தெரியறது உண்டு, அதுவும் அவருக்குத் தெரியும். ஆனா கம்பிக்கு நடுவுல ஒண்ணு வளைஞ்சு பிடிச்சிருக்கு. நாலு... வெளுப்பா. விரல்.

பிரேக்கை மிதிச்சாரு.

அப்பதான் அந்த வீல் தன் கனத்தைக் காட்டிச்சு. நிக்கல. இழுத்துக்கிட்டே போச்சு, பின்பக்கம் ஆடி, ஜல்லியில ஏறி, பாறைக்குக் கையளவு தூரத்துல நின்னுச்சு. இன்ஜின் அணைஞ்சு போச்சு. நகம் தீயுற வாசனை, உள்ள, மூச்சு விட முடியாத அளவுக்கு.

கார் நின்னுச்சு. காலடி நிக்கல. அது அதே வேகத்துல முன்னாடி ஓடிச்சு. தப்தப்தப்... தூரமாச்சு... நின்னுச்சு.

அமைதி.

அப்புறம் திரும்பி வந்திச்சு. ஓடல, நடந்து. ஜல்லி மேல, ஒவ்வொரு அடியா, நொறுக் நொறுக்குன்னு. கண்ணாடி வழியா ரோடு பூரா தெரியுது, ஒருத்தரும் இல்ல. சத்தம் மட்டும் பானெட்டைச் சுத்திக்கிட்டு இவரு கதவுகிட்ட வந்து நின்னுச்சு.

கண்ணாடியில நகத்தால தட்டற சத்தம். டிக்... டிக்.

குரல் ரொம்பத் தன்மையா இருந்திச்சாம். பயமுறுத்தற குரலே இல்லையாம். கடையில வந்து நின்னு, வாங்க முடியாத சாமானைத் தடவிப் பாத்துட்டுச் சொல்றவன் குரல் மாதிரி.

"எனக்கு இருந்திருக்கணும்."

வண்டியை எப்படி ஸ்டார்ட் பண்ணினாரு, எப்படித் திருப்பினாருன்னு அவருக்கே நினைவு இல்ல. கடைக்கு வந்து ஷட்டரை உள்பக்கம் இறக்கிட்டு, அந்த நாலு வீலையும் கழட்டி, பழைய பதினேழை மாட்டினதுக்கப்புறம்தான் உக்காந்தாரு. சம்சாரம் மாடியில இருந்து என்ன சத்தம்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னாரு.

மறுநாள் பழைய சாமான்காரரை வரச் சொன்னாரு.

"இந்த வீல் போட்ட வண்டியை ஓட்டினவன் எப்படிச் செத்தான்?"

அந்தாளு முழிச்சாரு. "ஓட்டினவன் எங்கண்ணே செத்தான்? இன்னைக்கும் வேற வீல் போட்டு அதே காரைத்தான் ஓட்டிட்டு இருக்கான். போனது அவனோட சிநேகிதன். சின்ன வயசுல இருந்து ஒண்ணா வளந்தவங்க. அந்தக் கார் வந்ததுல இருந்து, தெருமுனை வரைக்கும் கூடவே ஓடி வருவானாம். ஒரு சுத்து குடுடான்னு சிரிச்சுக்கிட்டே ஓடி வருவானாம். அவன் தரவே இல்ல, இவனும் விடவே இல்ல. ஒரு நாள் கதவுப் பிடியைப் பிடிச்சுக்கிட்டே ஓடியிருக்கான்..."

மேல கேக்கல இவரு. நாலையும் எடுத்துட்டுப் போய் உருக்கச் சொன்னாரு. சொன்னதோட விடாம கூடவே போயி, உலைக்குள்ள விழற வரைக்கும் நின்னு பாத்துட்டு வந்தாரு.

காரைத் திருப்பிக் குடுக்கும்போது பாலிஷுக்கு முகம் விழுந்து போச்சு. "என்ன சகலை, பழைய வீலைப் போட்டுட்டீங்க?"

"பெரிய வீல் உங்க வண்டிக்கு ஆகாது சகலை. பிரேக் நிக்க மாட்டேங்குது. நான் முதல்லயே சொல்லியிருக்கணும்." முதல் தடவையா உண்மையைச் சொன்னாரு.

பாலிஷ் தோள்ல தட்டிச் சிரிச்சாரு. "உங்களுக்குப் பொறாமை சகலை." விளையாட்டுக்குத்தான் சொன்னாரு. பக்கத்துல மாமனார் இருந்தாரு, சம்சாரம் இருந்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சம்சாரம் மட்டும் சிரிச்சு முடிச்சுட்டு இவரு முகத்தை ஒரு நிமிஷம் பாத்தாங்க.

அப்புறம் கொஞ்ச காலம் நிம்மதி. இவரு பீரோவில இருந்த படத்தைக் கிழிச்சுப் போட்டாரு. சம்சாரம் ஒருநாள் தானா கேட்டு, வேன் சீட்டுக்குப் புதுக் கவர் தைச்சாங்க. ரெட்டைத் தையல்தான். ரெண்டு பேரும் சாயங்காலம் கடை வாசல்ல உக்காந்து பேசவே ஆரம்பிச்சுட்டாங்கன்னு லிஃப்ட்காரர் சொல்றாரு.

இங்கயே முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஒரு ஞாயித்துக்கிழமை... பாலிஷ் வந்தாரு. கார் உள்ள நுழையுது, வெயில் பட்டுக் கண்ணு கூசுது. புது வீல். பத்தொம்பது இஞ்ச், வெள்ளி மாதிரி. வேற கடையில போட்டிருக்காரு. "சகலைகிட்ட கேட்டா வேணாம்பாரு"ன்னு கண்ணடிச்சாரு. அளவு கொஞ்சம் பெரிசுதான், ஆனா டயரைச் சரியா எடுத்திருந்தான் எவனோ, பொருந்தி இருந்திச்சு. இவரு கண்ணால பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. எல்லாரும் சுத்தி நின்னாங்க. சம்சாரம் குனிஞ்சு அந்த வீலைத் தொட்டுப் பாத்தாங்க. "ரொம்ப அழகா இருக்கு"ன்னாங்க.

இவரு படியில நின்னுட்டு இருந்தாரு. எதுவும் நினைக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னாரு. ஆனா நெஞ்சு நம்ம பேச்சைக் கேக்குமா...

மறுநாள் காலையில போர்வை மடிக்க வந்த சம்சாரம் அப்படியே நின்னுட்டாங்க. "எங்க போயிட்டு வந்தீங்க?"

"எங்கயும் போகலயே."

"உங்க காலைப் பாருங்க."

ரெண்டு உள்ளங்காலும் கரியா இருந்திச்சு. தோல் உரிஞ்சு, நடுவுல பொடி ஜல்லி குத்தி நிக்குது. அவங்க ஊக்கை எடுத்து ஒவ்வொண்ணா நோண்டி எடுத்தாங்க. இவரு வலிக்குதுன்னுகூடச் சொல்லல. எனக்கு ஒண்ணும் தெரியல, நல்லாத் தூங்கினேன்னாரு. அந்த வாரம் பூரா இப்படித்தான். புண்ணு ஆற மாட்டேங்குது, தினம் புதுசா ஜல்லி. சனிக்கிழமை ராத்திரி அவங்க ஒரு முடிவு பண்ணினாங்க. மாடிக் கதவையும் பூட்டி, கீழ ஷட்டரையும் பூட்டி, சாவியைத் தலைகாணிக்கு அடியில வச்சுக்கிட்டு, லைட்டைப் போட்டுட்டுக் கட்டில்லயே முழிச்சு உக்காந்துட்டாங்க.

மறுநாள் மாமனார் வீடு. சாப்பிட்டு முடிச்சு, கை கழுவற இடத்துல பாலிஷும் இவரும் மட்டும். பாலிஷ் முகத்துல பளபளப்பு இல்ல. ரொம்ப நேரம் கையைத் துடைச்சுக்கிட்டே நின்னாரு.

"சகலை, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே..."

"கேளுங்க."

"நேத்து ராத்திரி ஷோரூம் பூட்டிட்டு குவாரி ரோடு வழியா வந்தேன். நீங்க எதுக்குச் செருப்புகூட இல்லாம வண்டி பக்கத்துலயே ஓடி வந்தீங்க? கண்ணாடியைத் தட்டினீங்களே... நான் பயந்து போயி நிறுத்தல. உங்களுக்கு என்ன சகலை வேணும்? வண்டிதான் வேணும்னா சொல்லுங்க, நான் குடுத்துடறேன்."

இவரு திரும்பி, கூடத்துல உக்காந்திருந்த சம்சாரத்தைப் பாத்தாரு. அவங்களுக்கும் காதுல விழுந்திருந்திச்சு. கையில இருந்த தண்ணி டம்ளரை மெதுவா கீழ வச்சாங்க.

சம்சாரம் பிற்பாடு லிஃப்ட்காரர்கிட்ட சொன்னது இதுதான். அந்தச் சனிக்கிழமை ராத்திரி அவங்க கண்ணு மூடவே இல்ல. பூட்டு பூட்டினபடி இருந்திச்சு. சாவி அவங்க கையிலயே இருந்திச்சு. அவரு கட்டிலை விட்டு இறங்கவே இல்ல. புரண்டுகூடப் படுக்கல, கையும் காலும் மரக்கட்டை மாதிரி கிடந்திச்சு.

மூச்சு மட்டும்... ஓடறவனுக்கு வாங்கற மாதிரி வாங்கிக்கிட்டே இருந்திச்சாம். நடுவுல ஒரே ஒரு தடவை, பதினோரு மணி வாக்குல, தடுக்கி விழுந்து எழுந்திரிச்ச மாதிரி "ஹக்"குன்னு நின்னு... அப்புறம் முன்னைவிட வேகமா.